ட்ரம்ஸ் பழகும் முதல் மாதங்கள்: நோ ஓரிடம், காரணம் வேறிடம்

திருகோணமலையில் ட்ரம்ஸ் பழகத் தொடங்குகிற பலருக்கு முறையான மாஸ்டர் ஒருவர் பக்கத்தில் இல்லை. சேர்ச்சில் வாசிக்கிற அண்ணா ஒருவர் இரண்டு பீட் காட்டித் தருவார். மிச்சத்துக்கு யூடியூப். யூடியூப்பில் வாசிக்கிறவரை நீங்கள் பார்க்கலாம், அவர் உங்களைப் பார்க்க மாட்டார். உங்கள் தோள் காது வரைக்கும் ஏறி நிற்பதை அவர் சொல்லப் போவதில்லை.

ஆகவே பிள்ளைகள் தாங்களே காரணம் கண்டுபிடிக்கிறார்கள், அதுவும் அனேகமாகப் பிழையாக. கை நோகிறதா, கைக்குப் பலமில்லை என்று முடிவு. ஸ்னேர் (அடியில் கம்பிச் சுருள் உள்ள ட்ரம்) இரைகிறதா, ஸ்னேரைப் போட்டு முறுக்கு. கால் பிந்துகிறதா, காலுக்குப் பயிற்சி. நான் பழக்கிப் பார்த்த வரையில், தொடக்கக்காரரின் பிழை தெரிகிற இடமும் அது பிறக்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல.

கீழே அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு உரியதைத் தேடிப் போகலாம். இருக்கை பற்றியதை மட்டும் எல்லோரும் வாசியுங்கள், ஏனென்றால் பிறகு வருகிற பாதிப் பிழைகள் அங்கேதான் போய் முடியும். ஒரு கருவியும் வேண்டும்: கையில் இருக்கிற போன். அதைப் பக்கவாட்டில், உங்கள் இடுப்பு உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். முன்னால் இருந்து எடுத்த வீடியோவில் ஆள் வடிவாகத் தெரிவார், பிழை தெரியாது.

எதற்கும் முதல்: இருக்கை

வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையில்தான் பலர் தொடங்குகிறார்கள். அதன் கைப்பிடி முழங்கையில் இடிக்கும். இருக்கை பின்பக்கம் சரிந்திருப்பதால் முதுகும் பின்னால் சாயும், கால் முன்னால் நீளும், பெடலை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் வயிற்றை இறுக்க வேண்டி வரும். கைப்பிடி இல்லாத, தட்டையான ஸ்டூல் ஒன்று போதும். இருந்து பார்த்தால் தொடை முழங்கால் பக்கமாகச் சற்றே கீழிறங்க வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் ஸ்டூல் பதிவு. மடித்த துணியை வைத்து உயர்த்துங்கள்.

முதலில் நீங்கள், பிறகுதான் ட்ரம்ஸ். ஸ்டூலில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, கால்களை அவற்றின் பாட்டுக்கு வையுங்கள். வலது பாதம் விழுந்த இடத்தில் கிக் (நிலத்தில் நிற்கிற பெரிய ட்ரம்) பெடல், இடது பாதம் விழுந்த இடத்தில் ஹைஹெட் (ஒன்றின் மேலொன்றாக உள்ள இரட்டைச் சிம்பல்) பெடல். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஸ்னேர். அதன் விளிம்பு தொடைக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்கட்டும். டொம் என்கிற மற்ற ட்ரம்களும், வெண்கலத் தட்டான சிம்பலும் கடைசியில், கையை நீட்டாமல் எட்டுகிற தூரத்தில். பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, அதற்குள் தன்னைச் செருகிக்கொள்கிறவர்தான் முதுகு நோகிறது என்று வருகிறவர்.

ஸ்டிக் கையை விட்டுப் பறக்கிறது

இறுக்கிப் பிடித்தால் நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இறுக்கினால் கை வியர்க்கும், வியர்த்தால் இன்னும் வழுக்கும். கடலோர ஊர் இது, கரண்ட் நின்று மின்விசிறியும் ஓய்ந்த மத்தியானத்தில் யாருடைய உள்ளங்கையும் காய்ந்திருக்காது.

முதலில் பிடிக்கிற இடத்தைப் பாருங்கள். ஸ்டிக்கின் தடித்த நுனியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், பெருவிரலுக்கும் சுட்டு விரலின் முதல் மூட்டுக்கும் நடுவில் தளர்வாகப் பிடித்து, மறு நுனியைப் பயிற்சி பாட் (அடித்துப் பழகுகிற றபர்த் தட்டு) மேல் சும்மா விழ விடுங்கள். அடிக்க வேண்டாம், விழட்டும். எத்தனை தடவை துள்ளுகிறது என்று பாருங்கள். பிடியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி விழ விடுங்கள். ஓரிடத்தில் மற்ற இடங்களைவிட நீண்ட நேரம் துள்ளும். உங்கள் ஸ்டிக்குக்கு அதுதான் பிடி. இந்த இடத்தில் பிடித்தால் தோல் ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பும், நீங்கள் தூக்க வேண்டியதில்லை. மற்ற மூன்று விரல்களும் ஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பலர் அவற்றை விசிறி போல விரித்து விடுகிறார்கள். பறப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பிடி சரியாக இருந்தும் வழுக்கினால் ஸ்டிக்கின் மேலுள்ள வார்னிஷைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால், கை படுகிற பகுதியை மட்டும் மெல்லிய மணல் தாளால் லேசாகத் தேய்த்து மினுக்கத்தை எடுத்து விடுங்கள். முகப் பவுடர் போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் அது வியர்வையோடு சேர்ந்து களியாகிவிடும்.

எந்த அளவு ஸ்டிக் வாங்குவது என்று கேட்டால் 5ஏ என்பேன். சிறு கையென்றால் அதைவிட மெல்லிய 7ஏ. கனத்த ஸ்டிக் கையைப் பலப்படுத்தும் என்பது ஜிம் கதை.

முழங்கைக்குக் கீழே எரிகிறது

எங்கே நோகிறது என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முன்கையின் மேற்பக்கம் எரிந்தால் பெருவிரல் ஸ்டிக்கை நசுக்குகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெருவிரல் நகத்தைப் பாருங்கள். வெளிறி இருந்தால் சாட்சி வேறு தேவையில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சத்தத்தையும் பாதியாகக் குறைத்து வாசியுங்கள். எரிச்சல் நின்றுவிடும். அங்கிருந்து சத்தத்தைக் கூட்டாமல் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தொடக்கத்தில் வேகமும் சத்தமும் கை கோத்துக்கொண்டே வரும். அவற்றைப் பிரித்தெடுப்பதுதான் முதல் ஆறு மாதத்தின் உண்மையான பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மணிக்கட்டு நொந்தால் கோணம். ஸ்னேர் மிகப் பதிவாகவோ, உங்கள் பக்கம் மிகச் சரிந்தோ இருக்கும். தோளும் கழுத்தும் நொந்தால் சிம்பலைக் கீழே இறக்குங்கள். படம் பிடிக்கிறவருக்கு வேண்டுமானால் உயரச் சிம்பல் அழகு.

சுட்டு விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் வருகிற கொப்புளம் வழக்கமானது, தானாகத் தடித்துப் போகும். உள்ளங்கை நடுவில் வந்தால் பிடி பிழை. விரல் விறைப்பது, இரவில் கை மரத்துப் போய் விழிப்பது ஆகியவை வேறு கதை. அதற்கு மேல் வாசிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எரிச்சலைத் தாங்கிப் பழகலாம், விறைப்பைத் தாங்கிப் பழகக் கூடாது.

இடது கை பின்தங்குகிறது

இடது கையால் பல் துலக்கு, சோற்றைக் கரண்டியால் சாப்பிடு என்கிற யோசனைகள் ஊரில் நிறைய உலாவுகின்றன. கெடுதலில்லை, பெரிய பலனுமில்லை.

வீடியோவைப் பாருங்கள். வலது ஸ்டிக் காது உயரத்துக்குப் போய் வரும். இடது ஸ்டிக் ஒரு சாண் கூட எழும்பாது. பலக்குறைவு என்று நினைத்தது உயர வித்தியாசம். குறைந்த உயரத்திலிருந்து வருகிற அடி சத்தம் குறைந்து கேட்கும். அதைச் சரிக்கட்ட இடது கை அழுத்தும், அழுத்தினால் பிந்தும். வலது கையை இடது கையின் உயரத்துக்கு இறக்குங்கள், அதன் பிறகு இரண்டையும் சேர்த்து உயர்த்துங்கள். கெட்டிக்காரக் கை கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

பயிற்சிக்கு ஒரே கையால் எட்டு அடி, மறு கையால் எட்டு அடி. பிறகு நாலு நாலு, இரண்டு இரண்டு, ஒன்று ஒன்று. கை மாறுகிற இடத்தில் சத்தம் மாறக் கூடாது. கண்ணை மூடிக் கேட்கிறவருக்கு எந்தக் கை என்று தெரியக் கூடாது. அதோடு பாரடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. அமெரிக்காவில் இருக்கிற பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984இல் 40 ருடிமென்டுகளை, அதாவது அடிப்படை அடி வரிசைகளை, பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டாம். சிங்கிள் (கைக்கு ஒவ்வோர் அடி), டபுள் (கைக்கு இரண்டிரண்டு அடி), பாரடிடில், ஃபிளாம் (பெரிய அடிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன அடி) ஆகிய நாலையும் ஒழுங்காக வாசித்தால் முதல் வருடத்துக்கு அது தாராளம்.

கோணேசர் தேருக்குப் போகிறபோது தவில்காரரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு கையில் குச்சி, மறு கையில் விரல் கூடு. இரண்டு கைக்கும் ஒரே வேலை இல்லை, ஒரே ஆயுதமும் இல்லை, ஆனால் எந்தக் கையும் மற்றதை எதிர்பார்த்து நிற்பதில்லை. பாடப் புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது.

கிக்கும் ஹைஹெட்டும் சேர்ந்து விழுவதில்லை

எல்லோரும் முதலில் பழகுகிற பீட்: நாலு தட்டுக்குள் ஹைஹெட்டில் எட்டு அடி, கிக் ஒன்றிலும் மூன்றிலும், ஸ்னேர் இரண்டிலும் நாலிலும். ஒன்றில் கிக்கும் ஹைஹெட்டும் ஒரே சத்தமாக விழ வேண்டும். தொடக்கத்தில் ‘தட’ என்று இரண்டாக விழும். வாசிக்கிறவருக்கு அது கேட்காது. அதுதான் இதிலுள்ள கஷ்டம். போனில் பதிந்து, இயர்போன் போட்டுக் கேளுங்கள்.

கேட்டால் பெரும்பாலும் கால்தான் பிந்துகிறது. ஏன் என்று பாருங்கள். கை ஒரு சாண் தூரம் வருகிறது. கால் நிலத்தை விட்டு எழும்பி, தொடையையும் தூக்கிக்கொண்டு, பெடலை மிதித்து, அந்தப் பெடல் பீட்டர் என்கிற சுத்தியலைத் தள்ளி, பீட்டர் தோலைத் தொட வேண்டும். பயணம் நீளம். இதைப் பயிற்சியால் வெல்வதற்கு முன் பயணத்தைக் குறைத்துப் பாருங்கள். பெடலிலிருந்து பாதத்தைத் தூக்காதீர்கள், தொட்டபடியே இருக்கட்டும். சும்மா நிற்கிறபோது பீட்டர் தோலிலிருந்து வெகு தூரம் பின்னால் சாய்ந்திருந்தால் கோணத்தைக் குறையுங்கள். பாதத்தை வைத்தவுடனேயே பாரத்தில் பெடல் அமுங்குகிறதென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, கீழேயுள்ள நட்டைச் சற்று இறுக்குங்கள். அதற்குப் பிறகும் பிந்தினால் ஸ்டூல் கிக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மீண்டும் இருக்கைதான்.

இவ்வளவும் சரியென்றால் இனிப் பயிற்சி. மெட்ரோனோமை, அதாவது சீராக ‘டிக்’ என்று தட்டிக் காட்டுகிற கருவியை, நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். வலது கையும் வலது காலும் மட்டும், ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று. ஒரே சத்தமாகும் வரை வேறு எதையும் சேர்க்க வேண்டாம். பிறகு இடது கையும் வலது காலும். அதற்குப் பிறகு இரண்டு கையும். சலிப்பான வேலை. இரண்டு கிழமை இந்தச் சலிப்பைப் பொறுத்தவர்களின் பீட்டைக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

கிக் அடிக்கிற நேரமெல்லாம் ஹைஹெட் ‘சிஸ்’ என்று தானாகத் திறந்தால், நீங்கள் வலது காலில் பாரத்தைப் போட்டுச் சாய்கிறீர்கள், அந்த நேரம் இடது குதிக்கால் லேசாக எழும்புகிறது. பாரம் ஸ்டூலில் இருக்க வேண்டும், காலில் அல்ல. ஆள் நேராக இருந்தும் திறந்தால் மேற் சிம்பலைப் பிடித்திருக்கிற கிளட்ச் தளர்ந்திருக்கும்.

வேகம் ஓடுகிறது

இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். பீட் வாசிக்கும்போது சரியாக இருக்கிறது, பாட்டு வரிகளுக்கு நடுவில் டொம்களில் உருட்டுகிற ஃபில் வந்ததும் ஓடுகிறது, ஃபில் முடிந்து கிராஷ் சிம்பலை அடிக்கிறபோது பாட்டுக்காரர் இன்னும் போன வரியில் நிற்கிறார். பதற்றம் என்பார்கள். பதற்றமும் உண்டு. ஆனால் பதற்றமில்லாமல் தனியறையில் வாசிக்கிற பிள்ளையும் ஓடுகிறது, கவனித்துப் பாருங்கள்.

காரணம், ஃபில்லை அவர் எண்ணுவதில்லை. பீட் வாசிக்கும்போது மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று நாலு ஓடுகிறது. டொம்முக்குக் கை போனதும் எண்ணிக்கை நின்று, கை நினைவில் வைத்திருக்கிற அசைவு மட்டும் ஓடுகிறது. அசைவுக்குக் காலக்கணக்குத் தெரியாது. அது முடிந்ததும் முடிந்தது.

இதற்கு நம் கையில் இருக்கிற மருந்து சொற்கட்டு. ஒரு தட்டுக்குள் நாலு அடி வருகிறதென்றால் வாய்விட்டு ‘தகதிமி’ சொல்லுங்கள். இரண்டு அடியென்றால் ‘தக’. மூன்றென்றால் ‘தகிட’. நாலு தட்டு ஃபில் என்றால் நாலு தகதிமி, ஐந்தாவது ‘த’வில் கிராஷ். மனதுக்குள் சொன்னால் போதாது, அறைக்கு வெளியே கேட்க வேண்டும். கை ஓடும்போது வாயும் ஓடினால் உங்களுக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் தகதிமியைத் தின்றுவிட்டுத் ‘தக்திம்’ என்று சொல்வீர்கள். மிருதங்கம் பழகிய பிள்ளைகள் ட்ரம்ஸுக்கு வரும்போது கையில் தடுமாறினாலும் இந்த இடத்தில் தடுமாறுவது குறைவு. தாளம் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

ஃபில்லின் நீளத்தையும் குறையுங்கள். மூன்று பார் (ஒரு பாரென்றால் நாலு தட்டு) பீட், நாலாவது பாரின் கடைசித் தட்டில் மட்டும் ஒரு தகதிமி. அது ஓடாமல் நின்றால் கடைசி இரண்டு தட்டு. முழு பாருக்கு ஃபில் அடிக்க இப்போது என்ன அவசரம்?

மெட்ரோனோம் போட்டால் எல்லாம் குழம்புகிறது என்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நீங்கள் சரியாகத் தட்டின் மேல் அடிக்கிறபோது மெட்ரோனோமின் சத்தம் உங்கள் அடிக்குள் மறைந்து போகும். கேட்கவில்லை, தவறவிட்டேன் என்று பயந்து, பிள்ளைகள் அந்த இடத்தில் முன்னுக்கோ பின்னுக்கோ போய்விடுகிறார்கள். மறைந்தால் நீங்கள் சரி. எந்நேரமும் ‘டிக்’ தெளிவாகத் தனியே கேட்டுக்கொண்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மெதுவாக வாசித்தால் இன்னும் மோசமாக இருக்கிறதே என்றால், ஆம், இருக்கும். 60இல் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஒரு முழு செக்கன் வெறுமையாக நிற்கிறது. அந்த வெறுமையைத் தகதிமியால் நிரப்புங்கள். 60இல் நிற்கத் தெரிந்தவர் 100இல் தடுமாற மாட்டார். மறுபக்கமாக அது நடப்பதில்லை. வேகத்தைக் கூட்டுவதென்றால் ஒரு தரத்துக்கு நாலைந்து புள்ளி கூட்டுங்கள், பதிந்து கேட்டுச் சரியென்று பட்டால் மட்டும்.

பைலா வந்ததும் கை நாலுக்குப் போகிறது

நாலு நாலில், அதாவது நாலு தட்டுத் தாளத்தில், மட்டும் பழகிய பிள்ளை இந்த ஊரில் கல்யாண வீட்டு பாண்டில் ஏறினால் முதல் மணித்தியாலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பைலா என்கிற ஆட்டப் பாட்டு சிக்ஸ் எய்ட், அதாவது ஆறு எண்ணிக்கைத் தாளம். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் உள்ள போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் ஆடுகிற கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்டத்தின் உறவுக்கார இசை அது. நமது சினிமாப் பாட்டுகளிலும் ஆறின் கணக்கில் நடப்பவை ஏராளம்.

இங்கே பிழை கையில் இல்லை, காதில். காது நாலைத் தேடுகிறது. ஸ்டிக்கை வைத்துவிட்டு, பாட்டைப் போட்டு, ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டு நடவுங்கள். முதல் ‘த’வுக்கு வலது கால், இரண்டாவது ‘த’வுக்கு இடது கால். டச் பே கடற்கரையில் பின்னேரம் நடக்கிறவர்கள் இயர்போனோடு இதைச் செய்யலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உடம்பு அதில் ஆடத் தொடங்கிய பிறகு ட்ரம்ஸில்: ஹைஹெட்டில் ஆறு, கிக் ஒன்றில், ஸ்னேர் நாலில். பைலாவின் முழு அலங்காரமும் இதில் இல்லை, அது பிறகு. இந்த எலும்புக்கூடு நின்றால் ஆட்டக்காரர் நிற்காமல் ஆடுவார்கள்.

பாட்டோடு வாசித்தால் சரி, தனியே வாசித்தால் குழம்புகிறது

ஹெட்போனில் ஓடுகிற பாட்டில் ஏற்கெனவே ஒரு ட்ரம்மர் வாசிக்கிறார். அவர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார். உங்கள் அடியை மட்டும் பதிந்து கேளுங்கள், உண்மை தெரியும்.

இதன் மறுபக்கம்: வீட்டில் சரி, கொயரோடு வாசித்தால் எல்லோரும் திரும்பி முறைக்கிறார்கள். நேரம் சரியாகவே இருக்கலாம், சத்தம்தான் கூடிவிட்டது. பாடுகிறவரின் சொற்கள் உங்களுக்குக் கேட்காவிட்டால் நீங்கள் சத்தத்தைக் கூட்டித்தான் வாசிக்கிறீர்கள். ஸ்டிக் எழும்புகிற உயரத்தைக் குறையுங்கள், கிராஷைப் பாதியாக்குங்கள். கீபோர்ட்காரரின் இடது கையைப் பாருங்கள், உங்கள் கிக் அதோடு போகட்டும்.

டொம்மை அடித்தால் ஸ்னேர் இரைகிறது

ஸ்னேரின் அடித்தோலில் கம்பிச் சுருள்கள் படுத்திருக்கின்றன. டொம்மின் சுருதியும் ஸ்னேரின் சுருதியும் கிட்டக் கிட்ட இருந்தால் டொம் அதிரும்போது ஸ்னேரும் கூடவே அதிர்ந்து கம்பியைக் கிளப்பும். இது பழுதல்ல. கம்பியை இறுக்கிக்கொண்டே போனால் இரைச்சல் குறைகிற அளவுக்கு ஸ்னேரின் குரலும் நெரிபடும். டொம்மைச் சற்றே மேலே அல்லது கீழே சுருதி மாற்றுங்கள். கொஞ்சம் எப்போதும் இரையும், பாண்டோடு வாசிக்கும்போது யாருக்கும் கேட்காது.

டொம் ‘பொத்’ என்று கேட்கிறது

புதிதாக வாங்கிய மலிவு செட் எல்லாமே வீட்டுக்கு வந்த அன்று இப்படித்தான் கேட்கும். செட் சரியில்லை என்று விற்க ஓடாதீர்கள். தோல்களை ஒருவர் ஒழுங்காக முறுக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லா ஆணிகளையும் கழற்றித் தோலை நடுவில் வைத்து, முதலில் விரலால் மட்டும் முறுக்குங்கள். இனி ட்ரம் சாவியால். கார்ச் சில்லு நட்டை முறுக்குவது போல, ஒன்றை முறுக்கியதும் அதற்கு நேர் எதிரே உள்ளதுக்குப் போக வேண்டும், வட்டமாகப் போகக் கூடாது. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சுருக்கங்கள் மறைந்ததும் ஒவ்வோர் ஆணிக்கும் முன்னால், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே, ஸ்டிக்கால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை சின்னச் சின்னதாகத் திருத்துங்கள். அடித்தோலையும் அதே மாதிரி. பலர் அடித்தோல் ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள், டொம்மின் நாதத்தில் பாதி அங்கே இருக்கிறது.

கிக் ‘டூம்ம்ம்’ என்று நீண்டால் உள்ளே ஒரு சின்னத் தலையணை, அடிக்கிற தோலைத் தொட்டபடி. பெரிய தலையணை வைத்தால் பெட்டியைத் தட்டுவது போலாகிவிடும். கிக் முன்னால் நழுவிப் போகிறதென்றால் டைல்ஸ் நிலம்தான் காரணம். கிக், பெடல், உங்கள் ஸ்டூல் மூன்றும் ஒரே கார்பெட் துண்டின் மேல் நிற்க வேண்டும். ஸ்டூலின் பாரம் கார்பெட்டைப் பிடித்துக்கொள்ளும், கார்பெட் கிக்கைப் பிடித்துக்கொள்ளும்.

ஆணி கறள் பிடிக்கிறது, சிம்பல் பச்சையாகிறது

உப்புக் காற்று. கடலுக்கு நேரே யன்னல் உள்ள அறையில் செட்டை வைத்தால், கொழும்பில் பல வருடம் தாங்குகிற ஆணி இங்கே கெதியாகவே சொரசொரப்பாகிவிடும். வாடைக் காற்றோடு மாரி மழையும் சேர்கிற நவம்பர், டிசம்பர் மாதங்களில் இன்னும் கவனம். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, பழைய பெட்ஷீட்டால் மூடி விடுங்கள். பொலித்தீனால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். தோல் மாற்றுகிற நேரங்களில் ஆணியின் புரியில் கொஞ்சம் வஸ்லின் தடவுங்கள். பெடல் கிறீச்சிட்டால் மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. நம்முடைய பிளாஸ்டிக் தோலுக்கு ஈரத்தால் பெரிய பாதிப்பில்லை, அந்தக் கவலை மாட்டுத்தோல் வாத்தியக்காரருக்கு.

நல்ல சிம்பல்கள் நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். அதனால்தான் விரல் வியர்வை பட்ட இடம் பச்சையாகிறது. குத்துவிளக்குக்குப் போடுகிற புளியையும் சாம்பலையும் அதற்குப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பூச்சும் எழுத்தும் போய்விடும். விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்கி, வெறுந்துணியால் துடைத்தால் போதும். அழுக்குச் சிம்பல் நன்றாகவே பாடும். உடைகிற சிம்பல் வேறு: மேலுள்ள நட்டை இறுக்கிப் பூட்டினால், ஆட இடமில்லாமல் அடியை முழுதாக வாங்கி வெடிக்கும். கையால் தொட்டால் தாராளமாக ஆட வேண்டும். நடுத் துளைக்குள் பிளாஸ்டிக் குழாயும், கீழே ஃபெல்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வருகிறது

அயலவர் சொல்லும்வரை காத்திருக்காமல் முதலே போய்க் கதையுங்கள். எத்தனை மணிக்கு வாசித்தால் உங்களுக்குத் தொந்தரவில்லை என்று கேட்டு, அந்த நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்கிற நேரம், கோயில் பூசை நேரம் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓ.எல்., ஏ.எல். பரீட்சை எழுதுகிற மாதங்களில் பயிற்சி பாட் ஒன்றோடு மட்டும் இருங்கள். பாட் இல்லாவிட்டால் தடித்த றபர்த் துண்டு ஒன்றைப் பலகையில் ஒட்டினால் வேலை நடக்கும். தலையணை மேல் பழகுவதை நான் விரும்புவதில்லை. அது துள்ளலைக் கொன்றுவிடும், நீங்கள் துள்ளலைக் கேட்டு வாங்கத்தான் பழகுகிறீர்கள்.

மேல் மாடியில் இருக்கிறவர்கள் எலக்ட்ரானிக் செட் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். காற்றில் போகிற சத்தம் தீரும். கிக் பெடலின் இடி நிலத்தோடு இறங்கிக் கீழ் வீட்டுக் கூரையில் கேட்கும். பெடலுக்கு அடியில் தடித்த மெத்தைத் துண்டும் அதன் மேல் பலகையும் போடுங்கள்.

போன மாதம் வந்தது இப்போது வரவில்லை

பெரும்பாலும் வந்ததே இல்லை. போன மாதம் காதுக்குப் பிழை கேட்கவில்லை, இப்போது கேட்கிறது. போன மாதப் பதிவு இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பதிவில்லாமல் இதைப் பற்றிக் கதைப்பதில் பிரயோசனமில்லை. உண்மையாகவே பின்னால் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் வாசிக்கிற ஆளா நீங்கள் என்று பாருங்கள். தினமும் இருபது நிமிடம் அதைவிட நல்லது, கைக்கும் அயலுக்கும்.

வாசித்து முடிந்ததும் காதில் ‘கீங்’

மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகத் திருத்தலாம். இதை இன்றைக்கே. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் வரைதான் காதுக்குப் பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் வைத்திருக்கிற கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் ட்ரம்ஸ் 100ஐ எளிதாகத் தாண்டும்.

பஞ்சு அடைப்பது காணாது. ஃபார்மசியில் கிடைக்கிற நுரை இயர்பிளக்கை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதின் மேல் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரிகிற வரைக்கும் பிடித்திருங்கள். அல்லது வேலைத்தளங்களில் போடுகிற காது மூடி, ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மெட்ரோனோம் கேட்கவில்லையென்றால் அந்த மூடிக்கு உள்ளே சின்ன இயர்போனைப் போட்டுக்கொள்ளலாம், அதன் சத்தத்தைக் குறைவாகவே வையுங்கள். கீங் சத்தம் அடுத்த நாள் காலையிலும் நின்றிருந்தால், அது நிற்கும்வரை ஸ்டிக்கைத் தொடாதீர்கள். ஓரிரு நாளில் போகாவிட்டால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போங்கள்.